வெள்ளரி, கோஸ், வெங்காயம்: பளபளக்கும் ரகமா, சாம்பல் பூத்த ரகமா?

கத்தரியோ வெள்ளரியோ, விதைப் பாக்கெட்டில் "பளபளப்பான காய்கள்" என்ற வரி இல்லாமல் இருப்பது அபூர்வம். மண்டியில் மூட்டையை அவிழ்த்ததும் வியாபாரியின் கண் முதலில் போவதும் அங்கேதான். அதனால் பளபளப்பு என்றால் உசத்தி, மங்கல் என்றால் மட்டம் என்று பாதிப்பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் தோல் பளபளப்பதற்கான காரணம் பயிருக்குப் பயிர் வேறு. சிலவற்றில் அது ரகத்தின் குணம், சிலவற்றில் வேரின் குணம், சிலவற்றில் நாம் தண்ணீர் பாய்ச்சிய லட்சணம். பெரும்பாலும் செடியிடமிருந்து எதையோ ஒன்றை எடுத்த பிறகுதான் பளபளப்பு வருகிறது. எடுத்தது எது, அது அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரியாமல் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் மண்டியில் கிடைக்கும் கூடுதல் விலை மருந்துக் கடைக்குப் போய்விடும்.

வெள்ளரி, கோஸ், வெங்காயம் ஆகிய மூன்றிலும் இந்தத் தேர்வுக்கு உண்மையிலேயே பொருள் உண்டு. கத்தரியை நடுவில் தொட்டுவிட்டுப் போகலாம். அதன் கதை வேறு.

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். இலை, காய், தண்டு எதுவானாலும் வெளிப்புறத்தை கியூட்டிகிள் என்ற மெல்லிய படலம் மூடியிருக்கிறது. அதன் சட்டகம் கியூட்டின்; 16, 18 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்து உண்டான பாலியெஸ்டர் அது. சட்டகத்துக்கு உள்ளேயும் மெழுகு உண்டு, மேலேயும் உண்டு. மேல் மெழுகு வழவழவென்று ஒரே படலமாகப் படிந்திருந்தால், விழும் ஒளி ஒரே திசையில் திரும்பும்; கண்ணுக்குப் பளபளப்பு. அதே மெழுகு கண்ணுக்குத் தெரியாத குழல்களாகவும் தகடுகளாகவும் படிகம் கட்டி நின்றால், ஒளி நாலாபுறமும் சிதறும்; கண்ணுக்கு நீலம் கலந்த சாம்பல் பச்சை. கற்கண்டு மின்னும், அதையே பொடித்தால் வெறும் வெள்ளை, பொருள் மாறவில்லை. கோஸ் இலையை விரலால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். சாம்பல் போய், தேய்த்த இடம் மட்டும் பச்சைப் பசேலென்று மின்னும். படிகங்களை நசுக்கி வழவழப்பாக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மெழுகு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. தோலின் மேலடுக்குச் செல்கள் தட்டையாக இருந்தால் பளபளப்பு கூடும். குமிழ் குமிழாகப் புடைத்திருந்தால் குறையும். தக்காளியில் கோஸ் போல மெழுகுப் படிகமே கிடையாது, ஆனாலும் பளபளப்பில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. மரபணு மாறியதால் தோலின் பளபளப்பும் மாறிய தக்காளிச் செடிகளை (பிறழ்வுச் செடிகள் என்பார்கள்) ஆராய்ந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கியூட்டின் குறைந்துபோன செடிகளும் இருந்தன, கியூட்டின் கூடிப்போன செடிகளும் இருந்தன. ஆகவே பளபளப்பை மட்டும் பார்த்து "தோல் கெட்டி, நாள்பட நிற்கும்" என்று சொல்வது வெறும் ஊகம்.

வெள்ளரி

வெள்ளரியின் மேல் விரலால் தொட்டாலே போய்விடும் ஒரு வெண்பொடி இருக்கும். மெழுகு என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதில் முக்கியமான சரக்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே சிலிக்கா. மண்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. காயின் தோலில் உள்ள நுண்மயிர்களின் வழியாக அது வெளியே வந்து பொடியாகப் படிகிறது.

ஜப்பானில் 1980-களில் இந்தப் பொடி ஒரு வியாபாரத் தலைவலி ஆனது. வாங்க வருபவர்கள் அதைப் பூச்சிமருந்தின் மிச்சம் என்று நினைத்தார்கள். அங்கே வெள்ளரியை ஏற்கெனவே பூசணி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் வளர்த்து வந்தார்கள்; வாடல் நோய்க்கும் குளிர்ந்த மண்ணுக்கும் பூசணி வேர் ஈடுகொடுக்கும் என்பதற்காக. அப்போது சில பூசணி ரகங்களில் ஒட்டுக் கட்டினால் காயில் பொடியே பூக்கவில்லை என்பது தெரியவந்தது. மேலே இருப்பது அதே வெள்ளரி, காய் மட்டும் மின்னுகிறது. பிறகு கேட்கவா வேண்டும்? சந்தை மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று அங்கே பொடி பூத்த வெள்ளரி வேண்டுமென்றால் தேடித்தான் வாங்க வேண்டும்.

பொடி ஏன் பூக்கவில்லை என்பதற்கு மூலக்கூறு அளவில் விடை கிடைத்தது 2011-ல். சிலிக்கானை வேருக்குள் இழுக்கும் வாயில் போல ஒரு புரதம் உண்டு. பொடி பூக்காத பூசணியில் அந்தப் புரதத்தின் 242-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதிலாக லூசின் இருந்தது. இந்த ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் புரதம் செல்சவ்வுக்குப் போய்ச் சேராமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வாயில் அடைபட்டுவிட்டது, சிலிக்கான் உள்ளே வரவில்லை.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. வேர் சிலிக்கானை இழுக்கவில்லை என்றால் காய்க்கு மட்டுமா கிடைக்காது? இலைக்கும் கிடைக்காது. சிலிக்கான் கிடைக்கும் வெள்ளரி இலையில், வெண்பூச்சாகப் படரும் சாம்பல் நோய்ப் பூஞ்சை எளிதில் பரவாது. பூஞ்சை துளைக்க முயலும் இடத்தைச் சுற்றிச் செடி தன் காப்பை வேகமாக எழுப்பும். அந்தக் காப்பு பொடியோடு சேர்ந்து போய்விட்டது. பளபளக்கும் வெள்ளரி பரவிய ஜப்பானில் சாம்பல் நோயும், கோரினெஸ்போரா பூஞ்சையால் வரும் பழுப்பு இலைப்புள்ளியும் கூடுதலாகத் தொல்லை கொடுத்தன. பூச்சிமருந்து என்று நினைத்து ஒதுக்கிய பொடியைப் போக்கப் போய், மருந்து தெளிக்கும் தேவையைக் கூட்டிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த வரையில் காய்கறிச் சந்தையில் இவ்வளவு சுத்தமான முரண் வேறு இல்லை.

கனடாவில் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டார்கள். அங்கே கண்ணாடிக் குடில்களில் மண்ணில்லாமல் சத்துநீரில் வெள்ளரி வளர்ப்பவர்கள், சாம்பல் நோயைக் குறைக்கப் பொட்டாசியம் சிலிகேட்டைச் சேர்த்தார்கள். நோய் குறைந்தது. கூடவே காயின் தோல் மங்கிப்போனது. இதை விவரித்து 1993-ல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. இலைக்குக் காவல் வேண்டுமென்றால் காயில் பொடியைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை.

சரி, இரண்டும் சேர்ந்து கிடைக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. அது ரகத்தில் இருக்கிறது, வேரில் இல்லை. வெள்ளரித் தோலின் மங்கலுக்கென்று ஒரு மரபணு உண்டு. மங்கல் ஓங்கு குணம், பளபளப்பு ஒடுங்கு குணம். இந்த மரபணு ஐந்தாவது குரோமோசோமில், முள்முடிச்சுக்கும் நிறச் சீர்மைக்கும் உரிய மரபணுக்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பளபளப்பு, முடிச்சில்லாத வழுவழுப்பு, ஒரே சீரான பச்சை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே ரகத்தில் கூடி வருகின்றன. பீட் ஆல்ஃபா வகையும், ஐரோப்பிய நீள வெள்ளரியும் இப்படிப்பட்டவை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பசுமைக்குடில்களில் வளரும் குட்டையான வழுவழுப்பு வெள்ளரியும் இந்தக் குடும்பம்தான். இவற்றில் மாறியிருப்பது காயின் தோல். வேரின் வாயிலை யாரும் அடைக்கவில்லை.

ஆகப் பசுமைக்குடில் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை, பிறவியிலேயே பளபளக்கும் ரகத்தை எடுத்து, சாம்பல் நோய் வரும் பருவத்தில் சொட்டுநீரில் பொட்டாசியம் சிலிகேட் கொடுப்பது. சிலிகேட் கரைசலின் காரத்தன்மை அதிகம். கால்சியம் உரம் உள்ள தொட்டியில் அதை நேராக ஊற்றினால் தயிர் திரிந்தது போல் திரண்டு சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். தனித் தொட்டி, தனி நேரம், நீரின் காரத்தைச் சரிசெய்த பிறகு என்று பழகிக்கொள்ள வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் கொடுத்தால் கனடாக்காரர்கள் பட்ட பாடு இங்கேயும் வரலாம். அறுவடை தொடங்கியதும் முதல் சில காய்களை வெயிலில் பிடித்துப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொடி பூக்காத பூசணி வேரில் ஒட்டுக் கட்டும் வழியை நான் நம் ஊருக்குச் சொல்லமாட்டேன். வாடலுக்காகவோ நூற்புழுவுக்காகவோ ஒட்டுக் கட்டியே தீர வேண்டிய நிலம் என்றால்கூட, சிலிக்கானை இழுக்கும் வேராகப் பார்த்து எடுப்பதே மேல். ஒட்டுக்கு ஆகும் செலவும் ஆளும் ஒருபக்கம். ஜப்பான் வாடிக்கையாளரின் அந்தப் பயம் நம் சந்தையில் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். பேருந்து நிலையத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கும் வெள்ளரிப்பிஞ்சை யாரும் மினுமினுப்புப் பார்த்து வாங்குவதில்லை. திறந்தவெளியில் நாட்டு வெள்ளரி போடுபவர் பொடியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அது இருப்பதே அவருக்கு லாபம்.

இன்னொரு வழி, அறுவடைக்குப் பிறகு மெழுகு பூசுவது. அமெரிக்காவில் வயலில் விளையும் வெள்ளரிக்கு இது சாதாரணம். கழுவும்போது போன இயற்கை மெழுகுக்கு ஈடாகவும், நீர் வற்றாமல் இருக்கவும். தோல் மெலிந்த நீள வகைக்கு மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக் உறை போடுவார்கள். மெழுகு தடித்துவிட்டால் காய்க்கு மூச்சு முட்டும். உள்ளே ஆக்சிஜன் குறைந்து வேண்டாத வாடை வரும். உள்ளூர்ச் சந்தைக்கு மறுநாளே போகும் காய்க்கு இந்தச் செலவு தண்டம். நெடுந்தூரம் போகும் சரக்குக்கு, முதலில் குளிர்ச்சியைப் பாருங்கள். வெள்ளரிக்கு 10 முதல் 12 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் குளிர் தாக்கித் தோலில் குழி விழும். மெழுகு பூசி அதைச் சரிக்கட்ட முடியாது.

கத்தரியில் தேர்வு வாய்க்காலில்

கத்தரியின் பளபளப்பு பெரும்பாலும் காலத்தையும் நீரையும் சொல்கிறது. சரியான பருவத்தில் பறித்த காய் மின்னும். முற்றினால் மங்கும், உள்ளே விதை பழுக்கத் தொடங்கியிருக்கும். இளங்காயே மங்கலாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். செல்களில் நீர் நிறைந்து விம்மியிருந்தால்தான் தோல் இழுத்துப் பிடித்தாற்போல் வழவழவென்று நிற்கும். பூப்பிடித்துக் காய் பெருக்கும் நாட்களில் நீர் தட்டினால் எந்த ரகமானாலும் மங்கல்தான். இதற்கு ரகத்தை மாற்றிப் பயனில்லை. பாசன இடைவெளியைக் குறைத்தாலோ மூடாக்குப் போட்டாலோ சரியாகும்.

பறித்த பின் கத்தரி நீரை இழப்பதில் பாதிக்கும் மேல் காம்போடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பி வழியாகத்தான். தோலில் எதையாவது பூசிப் பளபளப்பைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விடியலில் பறித்து, நிழலில் வைத்து, ஈரச்சாக்கால் மூடினால் போதும். வீட்டில் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்த கத்தரி நாலு நாளில் குழி விழுந்து கருப்பதும் வெள்ளரி போலவே 10 டிகிரிக்குக் கீழே அதற்கு ஒத்துக்கொள்ளாததால்தான்.

கோஸ்

பளபளப்பின் உயிரியலை அதிகம் ஆராய்ந்தது கோஸ் குடும்பத்தில்தான். காரணம் வைரமுதுகு அந்துப்பூச்சி. 1950-களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவின் ஜாவாவில் டி.டி.டி-க்கு அசையாமல் நின்ற பூச்சி இது. பிற்பாடு பி.டி. பாக்டீரியா மருந்துக்கும் வயலிலேயே எதிர்ப்பைப் பெற்றது. நீலகிரியிலும் ஓசூரிலும் கோஸ் போடுபவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

வழக்கமான கோஸ் இலை சாம்பல் பூத்தது. அதன் மெழுகில் 29 கார்பன் நீளமுள்ள ஆல்கேனும் கீட்டோனும் நிறைய. அவை படிகமாக நிற்பதால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மருந்து தெளிக்கும்போது ஒட்டும் திரவம் கலக்காவிட்டால் மருந்தும் அதே மாதிரி ஓடிவிடும். இந்த மெழுகு குறைந்த பிறழ்வுகளின் இலை மரகதம் போல் மின்னும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே விளையும் கிரீன் கிளேஸ் என்ற காலர்ட் கீரை இப்படிப்பட்டது. காலர்ட் என்பது உருண்டை கட்டாத கோஸ் என்று வைத்துக்கொள்ளலாம். புழு அதை அவ்வளவாகத் தொடாது என்பது அங்கே பழைய சேதி. பிற்பாடு நியூயார்க் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் பி.ஐ. 234599 என்ற எண்ணுள்ள, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பளபளக்கும் காலிஃபிளவரிலிருந்து புழுத் தாக்கம் குறைந்த கோஸ் வரிசைகளை உருவாக்கினார்கள்.

புழு ஏன் பளபளக்கும் இலையில் சாகிறது என்பதுதான் சுவையான இடம். இலையில் விஷம் எதுவும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப்புழு முதல் வேலையாக இலைக்குள் துளைத்துப் போக வேண்டும். சாம்பல் பூத்த இலையில் சீக்கிரமே ஓரிடத்தில் நிலைகொண்டு கடிக்கத் தொடங்கிவிடும். பளபளக்கும் இலையில் அதற்கு நிலைகொள்ளவில்லை. ஊர்ந்து ஊர்ந்து திரிகிறது, அங்கங்கே கடித்துப் பார்க்கிறது, மறுபடி நகர்கிறது. உடம்பு சிறிது, ஈரம் சீக்கிரம் வற்றும். முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பகுதி செத்துவிடுகிறது. திரியும் புழுவைப் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் பிடித்துத் தின்கின்றன. சாம்பல் இலையில் மெழுகுப் படிகங்கள் உதிர்ந்து இந்தக் காவல் பூச்சிகளின் கால்களில் அடைந்து வழுக்கிவிடும். வழவழப்பான இலையில் பிடிப்பு நன்றாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே திண்டாடும் புழுவுக்கு அது இரண்டாவது அடி.

வெள்ளை ஈயும் கோஸ் அசுவினியும்கூடப் பளபளக்கும் வகையில் குறைவு. இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் உலகமே அதற்கு மாறியிருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். மாறவில்லை. தெள்ளு வண்டுக்கு இந்த இலை மிகவும் பிடிக்கும். வழுக்காத இலை அதற்கும் வசதிதானே. மழையும் பனியும் நிற்கும் மலைப்பகுதியில் இலை நனைந்தே கிடக்கும். நனைந்த இலையில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டிய நேரம் கிடைத்துவிடும். மெழுகு குறைந்ததால் மருந்து நன்றாகப் படர்வது லாபமென்றால், அதே காரணத்தால் இலை கருகும் ஆபத்தும் கூட. விளைச்சலும் உருண்டையின் இறுக்கமும் சந்தை ரகத்துக்கு ஈடாக அமைவதும் எளிதாக இல்லை. நம் கடைகளில் பளபளக்கும் இலையுள்ள கோஸ் விதை கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தாய் அந்துப்பூச்சிக்குப் பளபளக்கும் காலர்ட்தான் அதிகம் பிடிக்கிறது. சாம்பல் இலையைவிட அதில் கூடுதலாக முட்டையிடுகிறது. பிள்ளைகள் பிழைக்காத இடத்தில் போய் முட்டையிடுகிறது என்பது அதற்குத் தெரியாது. இதைக் கவனித்த ஆய்வாளர்கள் 2000-களில் பளபளக்கும் காலர்டைப் பொறிப்பயிராக, அதாவது பூச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பயிராகச் சோதித்தார்கள். நடுவில் விலைபோகும் சாதாரண கோஸ், ஓரத்தில் இது. கடுகைப் பொறிப்பயிராக விதைப்பது நம் ஊரிலும் பழகிய முறைதான். ஆனால் கடுகில் புழு நன்றாகவே வளரும். அங்கே தனியாக மருந்தடிக்க மறந்தால் பொறியே பண்ணை ஆகிவிடும். பளபளக்கும் காலர்டில் அந்த வேலை பெருமளவு மிச்சம்.

ஆகவே கோஸில் என் தேர்வு தெளிவு. விற்பனைக்குச் சாம்பல் பூத்த ரகமே. மலையின் ஈரத்துக்கும் சந்தைக்கும் அதுதான் பொருந்தும். காலர்ட் விதை கிடைத்து, தெள்ளு வண்டுத் தொல்லை இல்லாத இடமென்றால், ஓரத்தில் சில வரிசை பளபளக்கும் வகையைப் போட்டுப் பார்க்கலாம். கிடைக்கவில்லையா, கடுகு இருக்கவே இருக்கிறது. கூரையிலும் பால்கனியிலும் தொட்டி வைத்து வீட்டுக்கு மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்த வாதமெல்லாம் தலைகீழ். மழைக்கு நகர்த்தி வைக்கலாம், மருந்தடிக்கப் போவதில்லை, சந்தையும் இல்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பளபளக்கும் கீரைவகைக்குப் போகலாம்.

இடையில் ஒரு கொசுறு. சாம்பல் பூச்சு எதற்கென்று பார்க்க வெளிநாட்டு ஆய்வுவரை போக வேண்டாம். சாம்பல் பூசணி போதும். பிஞ்சில் மயிரடர்ந்த பச்சையாக இருக்கும் காய், முற்ற முற்ற வெள்ளை மெழுகு போர்த்திக்கொள்ளும். அப்படி முற்றியதைப் பரணில் மாதக்கணக்கில் போட்டுவைக்கலாம்.

வெங்காயம்

வெங்காயத்தில் எதிரி இலைப்பேன். தாளின் இடுக்கில், குருத்துக்குள், மருந்து எட்டாத இடத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். போதாக்குறைக்கு ஐரிஸ் மஞ்சள்புள்ளி வைரஸையும் பரப்பும். இங்கேயும் மெழுகுதான் மையம். 1934-லேயே கலிஃபோர்னியாவில் ஜோன்ஸ், பெய்லி, எம்ஸ்வெல்லர் என்ற மூவர், வொய்ட் பெர்சியன் என்ற ரகத்தில் இலைப்பேன் குறைவாக இருப்பதை எழுதிவைத்தார்கள். அந்த ரகத்தின் தாள் பளபளப்பானது. தாள்கள் விரிந்த கோணத்தில் பிரிவதால் இலைப்பேன் ஒளிந்துகொள்ள இடமும் குறைவு.

வெங்காயத் தாளில் சாம்பல் நீலம் கொடுப்பது முக்கியமாக ஒரே பொருள்: 31 கார்பன் நீளமுள்ள ஒரு கீட்டோன். அது நிறைய இருந்தால் தாள் நீலச்சாம்பல், அறவே குறைந்தால் மின்னும் இளம்பச்சை. இந்த இரண்டுக்கும் நடுவில் அரைப் பளபளப்பு என்று ஒரு வகை உண்டு. வெங்காயத்தை மற்றப் பயிர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த நடுவகைதான். அதில் கீட்டோன் குறைவு, ஆனால் மெழுகே இல்லாமல் போய்விடவில்லை. நீண்ட சங்கிலி ஆல்கஹால்கள் போன்ற மற்றவை அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. இப்படி மெழுகு இருந்தும் கீட்டோன் குறைந்த தாளில் இலைப்பேன் எண்ணிக்கை குறைவதை விஸ்கான்சினில் 2010-களில் நடந்த வயல் ஆய்வுகள் காட்டின.

முழுப் பளபளப்புக்குப் போவதில் உள்ள சிக்கல் கோஸில் பார்த்ததேதான், இங்கே இன்னும் கூர்மை. படலம் மெலிந்த தாள் நீரை அதிகம் இழக்கும், மருந்தில் சீக்கிரம் கருகும், நோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும். அமெரிக்காவின் ஐடஹோவில் பளபளக்கும் தாள் உள்ள வெங்காயங்களில் சாம்பல் நோய் வந்ததை 2005-ல் பதிவு செய்திருக்கிறார்கள். சாதாரண மெழுகுள்ள வெங்காயத்துக்கு அது அரிதான நோய். வடகிழக்குப் பருவமழையில் ஊதாக் கொப்புளம் என்ற பூஞ்சை நோயோடு மல்லுக்கட்டும் பெரம்பலூர், திருச்சிப் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயி, தாளில் ஈரம் தங்க இன்னொரு காரணத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை.

அதனால் மழைப் பட்டத்துக்கு நீலச்சாம்பல், கோடைப் பட்டத்துக்கு அரைப் பளபளப்பு என்று பிரித்துக்கொள்வதையே நான் ஒப்புவேன். இலைப்பேன் தலைவிரித்தாடுவது வறண்ட, வெப்பமான நாட்களில். அப்போது பூஞ்சைக்குப் பயம் குறைவு. முழுப் பளபளப்பு வயலுக்கு வேண்டாம்.

விதைக் கடையில் இந்தப் பெயரில் எதுவும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் வயலில் கண்ணால் பிரிக்கலாம். நட்டு ஒன்றரை மாதம் கழித்து, பனி காய்ந்த காலை வெயிலில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பாத்தியைப் பாருங்கள். எல்லாம் நீலமாகத் தெரியும் பாத்தியில் அங்கங்கே ஒன்றிரண்டு செடி பச்சை தூக்கலாகத் தெரிந்தால், தாளைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் சாம்பல் ஒட்டினால் மெழுகு இருக்கிறது. எதுவுமே ஒட்டாமல் வழுக்கினால் அது முழுப் பளபளப்பு, விட்டுவிடுங்கள். பச்சையும் தூக்கலாக இருந்து, கொஞ்சம் சாம்பலும் ஒட்டினால் அந்தச் செடியில் நூலைக் கட்டி, குருத்தைப் பிரித்து இலைப்பேனை எண்ணி, பக்கத்துச் செடியோடு ஒப்பிடுங்கள். மஞ்சளடித்து நோஞ்சானாக நிற்கும் செடியைப் பளபளப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம். தழைச்சத்துக் குறைவிலும் நீலம் வெளுக்கும்.

சின்ன வெங்காயத்தை விதைக்காயாகவே நடுபவர்களுக்கு இதில் ஒரு வசதி. காயிலிருந்து காயாக வளர்வதால் நூல் கட்டிய செடியின் குணம் கலப்பில்லாமல் அடுத்த பட்டத்துக்கு வந்துவிடும். விதையிலிருந்து வளர்ப்பதென்றால், பளபளப்பு ஒடுங்கு குணமாக இருப்பதால், பக்கத்து நீலச்சாம்பல் செடியின் மகரந்தம் விழுந்தாலே அடுத்த தலைமுறையில் காணாமல் போய்விடும். பூங்கொத்துக்கு உறைகட்டி, அதற்குள்ளேயே மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், பிரித்தெடுத்த பாத்திக்கு மருந்து தெளிக்கும்போது ஒட்டும் திரவத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சொல்லும் முழு அளவு நீலச்சாம்பல் தாளுக்கானது.